மாமனார் வீட்டு கேட்டுப் பச்சை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: கடல் வற்றினாலும், கப்பல்கள் கவிழ்ந்தாலும், வானமே பெயர்ந்து துறைமுகத்தின் தலையில் விழுந்தாலும், இந்தக் கம்பெனியின் சுழல் நாற்காலி உற்பத்தி இனி ஒரு கணமும் நிற்காது. அந்த மாபெரும் பொறுப்பைத் தோளில் சுமக்கப்போகும் ஒருவர் விரைவில் நம்மிடையே இருந்தே தேர்ந்தெடுக்கப்படுவார். அவர் 'விநியோகச் சங்கிலி மீள்திறன் தலைமை அதிகாரி' என்று அழைக்கப்படுவார்.

அறிவிப்பை கேண்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். அதனால் கம்பெனியின் எதிர்காலத்தை எல்லாரும் வாய் கொப்பளித்துக்கொண்டேதான் படித்தார்கள். 'மீள்திறன்' என்றால் என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. முதலாளியே அந்தச் சொல்லை ஏதோ ஒரு கருத்தரங்கில் கேட்டு, சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சேர்த்தவர்தான். ஆனால் பதவியோடு மாடி மூலையில் இருக்கும் கண்ணாடி அறையும் கிடைக்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் பளிச்சென்று விளங்கியது.

கொள்முதல் மேலாளருக்கு அந்த அறையின் மேல் வெகுநாளாகக் கண். ஏசி உண்டு, கதவைச் சாத்தினால் கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்காது. அதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அந்த அறையில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தால், நேர் கீழே ஸ்டோர் வாசல் தெரியும். ஸ்டோர் வாசலில் மர ஸ்டூல் போட்டு, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கண் அசருகிறவன் அவருடைய சகலை. அவனை ஒரு நாளாவது மேலே இருந்து கீழே பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை அவருக்கு மிச்சமில்லை.

உறவை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் கொள்முதல் மேலாளர். வீட்டில் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டியவன் ஸ்டோர் கீப்பர், சின்ன மாப்பிள்ளை. அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரிய மாப்பிள்ளைதான். வேலையில்லாத சகலை என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. தனக்குக் கீழே வேலை பார்க்கும் சகலை என்றால் சொல்லிக்கொள்ளச் சுகமாக இருக்குமே என்று ஒரு கணக்குப் போட்டார். கணக்குக் கவிழ்ந்துவிட்டது.

அதற்கு முன்பே கவிழ்ந்த கணக்கு ஒன்றும் உண்டு. மாமனார் வீட்டுக்குப் புது இரும்பு கேட் போட்டுக் கொடுத்தவர் பெரிய மாப்பிள்ளை. முழுச் செலவும் அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு டப்பா பெயிண்ட் கொண்டுவந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த கேட்டுக்குப் பச்சை அடித்தான். கிளிப்பச்சையும் இல்லை, இலைப்பச்சையும் இல்லை; கண்ணை மூடிக்கொண்டாலும் கண்ணுக்குள் வந்து நிற்கிற ஒரு பச்சை. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "கேட்டு என்னமா இருக்கு, யாரு பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டார்களே ஒழிய, கேட்டைப் போட்டது யார் என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே. மாமனாரும் வாயெல்லாம் பல்லாக, "நம்ம சின்ன மாப்ள கைவண்ணம்" என்பார். பெரிய மாப்பிள்ளை அந்த கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அதில் கை சுட்டதுபோல் இருக்கும்.

ஆபீசில் அவர் பெரிய சிக்கனக்காரர். கையிருப்பு என்பது தூங்குகிற பணம் என்று எங்கோ படித்துவிட்டு, தூங்குகிற எதையும் விட்டுவைப்பதில்லை என்று இறங்கினார். ஸ்டோரில் கழித்துப் போட்ட பொருள்களுக்கு அடையாளமாகச் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். பெயிண்ட் தீர்ந்துபோய்ச் சின்ன மாப்பிள்ளை ஒரு டப்பா கேட்டபோது, புள்ளி வைக்கவெல்லாம் பெயிண்டா என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகு ஒரு நாள் ஸ்டோருக்கே ஆணை அனுப்பினார்: கழித்த சரக்கையெல்லாம் உடனே பழைய இரும்புக் கடைக்குத் தள்ளு, நல்ல சரக்கிலும் பாதியைத் திருப்பி அனுப்பு. சின்ன மாப்பிள்ளை முதல் பாதியைச் செய்தான், ஏனென்றால் பழைய இரும்புக்கடைக்காரர் தானே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாம் பாதிக்கு அட்டைப்பெட்டிகளைத் தூக்கி நகர்த்த வேண்டியிருந்தது. அதனால் அது அப்படியே கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் துறைமுகம் படுத்தது.

புயலில் ஒரு பெரிய கப்பல் துறைமுக வாயில் குறுக்கே திரும்பி, சரக்குத் தூக்கும் கிரேனை இடித்து, கிரேன் கடலுக்குள் சாய்ந்து, வழி முழுக்க அடைத்துக்கொண்டது. மற்ற கப்பல்கள் ரேஷன் கடை வரிசைபோல் வெளியே நின்றன. சுழல் நாற்காலியின் உயிர் இருக்கைக்கு அடியில் இருக்கும் ஒரு கறுப்புக் குழலில் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் நாற்காலியை ஏற்றி இறக்குவது அதுதான். எல்லாரும் அதை ஹைட்ராலிக் என்பார்கள். உள்ளே அடைத்திருப்பது காற்று. அந்தக் காற்று கடல்தாண்டித்தான் வர வேண்டும். வரவில்லை. கம்பெனி முழுக்க இருக்கை இருந்தது, சக்கரம் இருந்தது, முதுகுச் சாய்மானம் இருந்தது. ஏறி இறங்க வழியில்லை.

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்த அன்று, ஸ்டோரின் உள்மூலையில், உடைந்த பலகைகளுக்குப் பின்னால், திருப்பி அனுப்பப்படாத ஹைட்ராலிக் பெட்டிகள் சுவர்போல் அடுக்கியிருப்பது தெரியவந்தது. உற்பத்தி ஓடியது. முதலாளி ஸ்டோருக்கே இறங்கி வந்து சின்ன மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். அவன் அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்திருந்தான். நடப்பது கனவென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றான். "என்ன ஒரு தீர்க்கதரிசனம்" என்றார் முதலாளி. கூட வந்தவர்களும் தீர்க்கதரிசனம் தீர்க்கதரிசனம் என்றார்கள்.

கொள்முதல் மேலாளர் பின்வரிசையில் நின்று கை தட்டினார். கை தட்டியதே தவிர, வயிறு பற்றி எரிந்தது. கூட்டம் கலைந்த பிறகு சகலையே அவரிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தரிசனமாவது ஒண்ணாவது சகலை. நீங்க திருப்பி அனுப்பச் சொன்னீங்க. யாரு தூக்கறதுன்னு விட்டுட்டேன். அவ்ளோதான்."

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ராவும் பகலும் யோசித்து ஜெயித்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த மாலையை எப்படி மன்னிப்பது?

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எரிகிற இடத்திலேயே எண்ணெய் ஊற்றினார்கள். மாமியார் முதல் தட்டைச் சின்ன மாப்பிள்ளைக்கு வைத்தார். மாமனார் ஊர்க்கதையெல்லாம் விட்டுவிட்டு, முன்யோசனை என்பது பிறவியிலேயே வர வேண்டும், படிப்பால் வராது என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துச் சொன்னார். பெரிய மாப்பிள்ளை கூரையைப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சு எங்கே வந்து இறங்குகிறது என்று அவருக்குத் தெரியும். இளையவள் தன் புருஷனுக்கு மேல்மாடியில் கண்ணாடி அறை கிடைக்கப்போவதாகவும், திரைச்சீலைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்றும் அக்காவிடம் யோசனை கேட்டாள். பச்சை எடு, பொருத்தமாக இருக்கும் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, உங்களுக்கும் எதையாவது செய்யாம விட்டுத் தொலைக்கத் தெரியாதா?"

அன்றே அவர் முடிவு கட்டினார். கண்ணாடி அறை தனக்கு. இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. சகலைக்கு மட்டும் கூடவே கூடாது.

இருப்பு தீர்ந்துகொண்டு வந்தது. துறைமுகம் திறக்கிற வழியைக் காணோம். மாற்றுவழியை முதலில் காட்டுகிறவருக்கே பதவி என்று முதலாளி சொல்லிவிட்டார். சின்ன மாப்பிள்ளை மாற்றுவழி எதையும் தேடவில்லை. கப்பல் என்றைக்காவது நிமிரும் என்று ஸ்டூலில் சாய்ந்துகொண்டான். பெரிய மாப்பிள்ளையோ போனும் கையுமாகத் திரிந்தார். ஒரு வழியை நம்பினால்தானே அது அடைபடும்? மூன்று வழி இருந்தால்? மலைப்பக்கத்து ஊரில் ஒரு மொத்த வியாபாரி லாரியில் அனுப்புவதாகச் சொன்னார். ரயிலடியில் கிடங்கு வைத்திருந்த இன்னொருவர் கைவசம் கொஞ்சம் இருப்பதாக இழுத்தார். சின்னப் படகுத்துறை ஒன்றில் உதிரிபாகம் விற்கும் ஒரு அம்மாள், நாளைக்குக் கேட்டால் இருக்காது என்று மிரட்டினார். மூன்று பேரும் சொன்ன விலைக்குப் பழைய விலை வெட்கப்பட்டு ஓடிப்போயிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் வாங்கினார்.

சரக்கு வந்தபோது ஒரு காரியம் செய்தார். வழக்கமாக வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் ஸ்டோருக்குப் போகும்; அங்கே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உற்பத்திக்கு வரும். இதை ஸ்டோருக்கு அனுப்பினால் சகலை அதன் மேல் சாய்ந்து நிற்பான். முதலாளி வந்து அவனையே மறுபடியும் கட்டிப்பிடிப்பார். அதனால் மூன்று வழிச் சரக்கும் ஸ்டோர் பக்கம் தலைகாட்டாமல் நேராக நாற்காலி பூட்டுகிற இடத்துக்கே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். நெருக்கடி நேரம், படிகளைக் குறைக்கிறேன் என்று காரணம் சொன்னார். முதலாளிக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போய், தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

பெட்டிகளைத் திறந்து பார்த்த பெரிய மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு உறுத்தல். ஒவ்வொரு குழலின் அடியிலும் ஒரு பச்சைப் புள்ளி. லாரியில் வந்ததிலும் பச்சை, ரயிலில் வந்ததிலும் பச்சை, படகில் வந்ததிலும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் மாமனார் வீட்டு கேட் ஞாபகம் வந்து நெஞ்சு கரித்தது. சே, எதைப் பார்த்தாலும் அவன் ஞாபகமா என்று தன்னையே கடிந்துகொண்டார். வியாபாரிகளைக் கேட்டார். தரம் பார்த்துத் தேர்ந்ததற்கான அடையாளம் சார் என்று மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். உண்மையில் அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தப்பு. உலகம் முழுக்க அப்படித்தானே?

சரக்குப் பூட்டிய முதல் நாற்காலிகளை மேலே கூட்ட அறையில் போட்டார்கள். மீதியைப் பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்ப வாசலில் அடுக்கினார்கள். அந்த வாடிக்கையாளரையும் முதலாளி கூட்டத்துக்கு அழைத்திருந்தார். எல்லாரும் புது நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கொள்முதல் மேலாளர் மட்டும் நின்றார். பின்னால் சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் மலை, ரயிலடி, படகுத்துறை மூன்றிலிருந்தும் மூன்று நிறக் கயிறுகள் வந்து கம்பெனியில் கூடின. மேசைமேல் காட்சிக்கு ஒரு ஹைட்ராலிக், பட்டுத்துணியில்.

அவர் பேசினார். ஒற்றை வழியை நம்புவது எவ்வளவு மடத்தனம் என்றார். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ஊர், மூன்று வியாபாரிகள், மூன்று பாதைகள் என்றார். அப்படியிருந்தும் மூன்று இடத்திலும் ஒரே தரமுத்திரை இருப்பதைப் பாருங்கள் என்று பச்சைப் புள்ளியைத் தூக்கிக் காட்டினார். சிலர் மூலையில் கிடக்கும் பழைய பெட்டிகளை நம்பலாம், நான் திட்டத்தை நம்புகிறேன் என்று சேர்த்துக்கொண்டபோது, கதவைத் திறந்துகொண்டு அந்தச் சிலரில் ஒருவன் உள்ளே வந்தான்.

சின்ன மாப்பிள்ளைக்கு உட்கார நாற்காலி மிச்சமில்லை. மேசையோரமாக வந்து நின்றவன், பட்டுத்துணியில் இருந்ததைக் குனிந்து பார்த்தான். இன்னும் கொஞ்சம் குனிந்தான். பிறகு சகலையின் பக்கத்தில் வந்து, காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"சகலை, இது நம்ம கேட்டு பெயிண்ட்."

பேசாமல் நில்லு என்று அவர் பல்லிடுக்கில் சொன்னார். அவன் நிற்கவில்லை.

"நான் வச்ச புள்ளி இது. செவப்புப் பெயிண்ட் வேணாம்னுட்டீங்க. அதான் கேட்டுக்கு அடிச்ச மிச்சத்த எடுத்தாந்து கழிச்ச சரக்குக்கெல்லாம் வச்சேன். இதெல்லாம் காத்து கசியற பீஸு. உக்காந்தா கொஞ்ச நேரத்துல எறங்கிடும். பழைய இரும்புக்காரருக்குத் தள்ளச் சொன்னீங்களே, அதேதான். அவரு மூணு பேருக்குப் பிரிச்சு வித்திருப்பாரு போல."

பெரிய மாப்பிள்ளை கயிறுகளைப் பார்த்தார். மலை, ரயிலடி, படகுத்துறை. மூன்றும் கிளம்பிய இடம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரும்புக்கடை. பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி இறங்கிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் இறங்கிக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவுத் தலைவர் இறங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நாளில் கழித்த சரக்கு. எல்லாரும் ஒரே சீராக, அவசரமில்லாமல், மரியாதையாக இறங்கினார்கள். ஒருவருக்கொருவர் உயரம் மாறாததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நின்றுகொண்டிருந்த இரண்டு மாப்பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்தது. முதலாளியின் மோவாய் மேசை விளிம்பைத் தொட்டபோது அவர் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். 

"இந்த மேசைய யாரு இவ்ளோ ஒசரமாப் போட்டது?" என்றார் முதலாளி.

மேசை உயரம்தான் சார் என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர். ரொம்ப உயரம் என்றார் விற்பனைக்காரர். வந்த அன்றைக்கே சொல்ல நினைத்தேன் என்றார் இன்னொருவர். வாடிக்கையாளர்கூட, மேசைக்கு மேல் தெரிந்த தன் பாதி முகத்தை ஆட்டி ஒப்புக்கொண்டார். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுக் கால்களை அறுக்கச் சொல்வதாக முடிவாயிற்று. அந்தச் சுறுசுறுப்பிலேயே முதலாளி பதவியையும் அறிவித்துவிட்டார். கண்ணாடி அறை கொள்முதல் மேலாளருக்கு. கூடவே, மூன்று வழி வெற்றியின் நினைவாக, தான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியும். கை தட்டல்கள் மேசைக்குக் கீழிருந்து கேட்டன.

படியில் இறங்கும்போது பெரிய மாப்பிள்ளை சகலையின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"நான் வாயத் தொறக்கல. தொறந்தா, சகலைக்குக் கெடைச்சத பாத்துப் பொறாமைன்னு நாலு பேரு சொல்வாங்க. எனக்கெதுக்கு அந்தப் பேரு?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்.

வாசலில் அடுக்கியிருந்த நாற்காலிகள் வாடிக்கையாளருக்குப் போகவில்லை. வெளியே அனுப்பும் அனுமதிச் சீட்டை எழுத சின்ன மாப்பிள்ளை மறந்திருந்தான். அதற்குள் கப்பல் நிமிர்ந்தது, துறைமுகம் திறந்தது, புது ஹைட்ராலிக் வந்து இறங்கியது. அசல் வந்த பிறகு மாற்றுவழிச் சரக்கு எதற்கு என்று வாசலில் இருந்தவற்றில் எல்லாம் மாற்றிப் பூட்டி அனுப்பினார்கள். கூட்ட அறை நாற்காலிகளைத் தொடவில்லை; அறுத்த மேசைக்கு அவையே பொருத்தமாக இருந்தன. தாமதத்தால் தரம் காப்பாற்றப்பட்டது என்று வாடிக்கையாளர் நன்றி தெரிவித்தார். முதலாளி மறுபடியும் ஸ்டோருக்குப் போய்ச் சின்ன மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார்.

பெரிய மாப்பிள்ளை அதைக் கண்ணாடி அறை ஜன்னலில் நின்றபடி பார்த்தார். மேலே இருந்து கீழேதான் பார்த்தார். அந்தப் பார்வையில் அவர் நினைத்துவைத்த சுகம் எதுவும் இல்லை. மர ஸ்டூல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த ஸ்டூலின் மேலும் அவருக்குப் பொறாமை வந்தது.

கொஞ்ச நேரத்தில் சின்ன மாப்பிள்ளை படியேறி வந்தான். கையில் புது ஹைட்ராலிக் ஒன்று இருந்தது. இனி அறைக்குள் யாராவது வந்தால் பார்த்துவிடுவார்கள், ரெண்டு நிமிஷ வேலைதான், ஒருத்தருக்கும் தெரியாமல் மாற்றிவிடுகிறேன் என்றான். மாமனார் ஞாயிற்றுக்கிழமை புது அறையைப் பார்க்க வருகிறாராம், அதையும் சொன்னான்.

பெரிய மாப்பிள்ளை அந்தக் குழலைப் பார்த்தார். வாங்கிக்கொண்டால் நாற்காலி நிற்கும். ஆனால் ஒவ்வொரு தடவை உட்காரும்போதும், இது சகலை பூட்டிக் கொடுத்தது என்று முதுகு சொல்லிக்கொண்டே இருக்கும். மாமனார் வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்து, சின்ன மாப்ள கைவண்ணமா என்று கேட்டாலும் கேட்பார்.

"என் நாற்காலிக்கு ஒண்ணும் இல்ல. எடுத்துட்டுப் போ" என்றார்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். பெரிய மாப்பிள்ளை கதவைச் சாத்தினார். கைப்பிடியை இழுத்து நாற்காலியை உச்சிவரை ஏற்றினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலைப் பார்த்து, தலைமை அதிகாரியாக உட்கார்ந்தார்.

ஸ்டோர் வாசல் தெரிந்தது. பிறகு ஸ்டோர் கூரை தெரிந்தது. பிறகு வானம் தெரிந்தது. பிறகு ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவர் தெரிந்தது.